சவுரிராயனைப் பாராட்ட வந்த கார்

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. கூடவே நின்று பார்த்த கோதண்டபாணி தன் வாயாலேயே சொன்னது. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் அவன். அப்படிப்பட்ட ஆள் சொன்னதால்தான் நம்பவேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் இருட்டிய பிறகுதான் வரும் என்று நினைத்துக்கொண்டு, இதைப் பகலில் உட்கார்ந்து தைரியமாகப் படிக்கலாம் என்று எண்ணாதீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். சித்திரை மாதத்து உச்சி வெயிலில், காக்கைகூடக் கத்தாத நேரத்தில்.

1943ஆம் வருஷம். யுத்த காலம். அரிசிக்குப் பஞ்சம், பெட்ரோலுக்குப் பஞ்சம், பத்திரிகை அடிக்கக் காகிதத்துக்கும் பஞ்சம். அந்தப் பஞ்சத்திலும் விழுப்புரத்தில் ‘ஜில்லா தூதன்’ என்று ஒரு வாரப் பத்திரிகை நின்றுபோகாமல் வந்துகொண்டிருந்தது. அரங்கநாதன் என்பவர் நடத்தினார். அதில் ஒரு பக்கம் சினிமா விமர்சனம். அந்தப் பக்கத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதினார்கள். ஒருவன் விழுப்புரம் கோதண்டபாணி. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். இன்னொருவன் திண்டிவனம் சவுரிராயன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவன்.

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து ஒன்றாகப் படம் பார்த்தவர்கள். பத்திரிகையில் முதலில் இடம் கிடைத்தது கோதண்டபாணிக்குத்தான். சவுரிராயனை அரங்கநாதனிடம் அழைத்துக்கொண்டு போய், இவனும் எழுதுவான் என்று சேர்த்துவிட்டதும் அவனேதான். பிற்பாடு அதை நினைத்து நினைத்துத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டான்.

கோதண்டபாணியின் எழுத்தில் காரம் இருக்கும். அவன் எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், கொட்டகை முதலாளி வாசலில் நின்று வைவார். சவுரிராயன் வேறு மாதிரி. ராஜா வேஷம் போட்டவனை ஊரெல்லாம் புகழும்போது, அவனுக்குப் பின்னால் சாமரம் வீசிய பெண்ணின் கை கடைசிவரை சளைக்கவில்லை என்று இவன் எழுதுவான். பாட்டு முடிந்த பிறகு ஒரு மூச்சு நேரம் எதையும் வாசிக்காமல் விட்டாரே ஒரு வாத்தியக்காரர், அவருக்கு என் கும்பிடு என்று எழுதுவான். இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று கோதண்டபாணி நினைத்தான்.

படித்தார்கள். பட்டணத்தில் படம் எடுக்கிறவர்களே படித்தார்கள்.

முதலில் சவுரிராயனைப் பாராட்டி ஒரு தபால் கார்டு வந்தது. பொங்கலுக்கு யாரோ ஒரு பட முதலாளி புது வேட்டி அனுப்பினார். அந்த வாத்தியக்காரர், தன்னைப் பற்றி அச்சில் ஒரு வரி வந்து பார்த்ததே இல்லை என்று, திண்டிவனத்துக்கே தேடிக்கொண்டு வந்து சவுரிராயன் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒவ்வொன்றையும் சவுரிராயன் கோதண்டபாணியிடம்தான் ஓடிவந்து சொன்னான். வேறு யாரிடம் சொல்வான்? கோதண்டபாணியும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் விழுப்புரம் ஜங்ஷனில் அது நடந்தது. பெயர்பெற்ற சிரிப்பு நடிகர் ஒருவர் மாயவரத்தில் நாடகம் போட ரயிலில் போய்க்கொண்டிருந்தார். இன்ஜின் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. நடிகர் பிளாட்பாரத்தில் இறங்கி, ஜில்லா தூதனில் சினிமா எழுதுகிறவர் இந்த ஊரில் உண்டா என்று விசாரித்திருக்கிறார். போர்ட்டர் ஓடிவந்து கோதண்டபாணியைக் கூட்டிக்கொண்டு போனான். பார்த்ததுமே நடிகர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டார். அத்தர் வாசனை. சுற்றிலும் நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்கதானே சவுரிராயன்?” என்று அவன் காதோரம் கேட்டார் நடிகர்.

இல்லை என்றான். அவர் கைகள் தளர்ந்தன. மரியாதையாகத்தான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வண்டி ஏறினார். ஆனால் அந்தக் கைகள் தளர்ந்ததைக் கோதண்டபாணி முதுகில் உணர்ந்தான். அன்றிலிருந்து அந்த இடம் சூடு போட்டதுபோலக் காந்திக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் ‘கடலோடி மகள்’ என்று ஒரு படம் வந்தது. எடுத்தவர் வேங்கடேசன் என்கிற புது டைரக்டர். கதாநாயகி அம்சா, அவளுக்கும் அதுதான் முதல் படம். ஓடவில்லை. பட்டணத்துப் பத்திரிகைகள் நார் நாராகக் கிழித்தன. சவுரிராயன் மட்டும் பக்கம் முழுக்கப் புகழ்ந்து எழுதினான். புருஷனின் கட்டுமரம் திரும்பி வராத அன்று அம்சா அழவில்லை. அவன் வலையை எடுத்து மெதுவாக மடித்து வைக்கிறாள். அந்த ஒரு காட்சிக்காக நான் நாலு நடை கொட்டகைக்குப் போனேன் என்று எழுதியிருந்தான்.

கோதண்டபாணியும் விழுப்புரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தான். அந்தக் காட்சியில் அவனுக்கும் அழுகை வந்துவிட்டது. இருட்டில் யாருக்கும் தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆனால் என்ன செய்வது, அதைத்தான் சவுரிராயன் முந்திக்கொண்டு எழுதிவிட்டானே. வீட்டுக்கு வந்தவன், “இந்தப் பெண்ணுக்கு அழத் தெரியவில்லை, யாராவது கற்றுக்கொடுத்தால் புண்ணியம்” என்று எழுதி அனுப்பினான். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

பத்து நாள் போயிருக்கும். அரங்கநாதன் கூப்பிட்டனுப்பினார். வேங்கடேசனும் அம்சாவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காரில் தெற்கே வருகிறார்களாம். வழியில் திண்டிவனத்தில் இறங்கிச் சவுரிராயனுக்கு மாலை போட்டுவிட்டுப் போகவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்களாம். அம்சாவைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும், அதனால் வெளியே தெரியவேண்டாமாம். கோதண்டபாணி போய்க் கூட இருந்து பார்த்துவிட்டு வந்து அழகாக ஒரு செய்தி எழுதித் தரவேண்டும் என்றார்.

“உன் சினேகிதனுக்கு வந்த கௌரவம்யா. நீ எழுதினாத்தான் சரியா இருக்கும்.”

ஞாயிறு காலை பாசஞ்சரில் ஏறினான். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்... ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. இறங்கவில்லை. பொறாமைக்கு அப்படி ஒரு குணம். எது சுடுமோ அதைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லும்.

ஞாயிறு என்பதால் மில் மூடிக் கிடந்தது. முதலாளியிடம் சாவி வாங்கித் தகரக் கொட்டகையின் கீழ் நாலு நாற்காலி போட்டு வைத்திருந்தான் சவுரிராயன். ஒரு தட்டில் வாழைப்பழம். வாளித் தண்ணீரில் கோலி சோடா பாட்டில்கள். காலைப் பூசைக்குப் போய்வந்து, பெண்சாதி இருதயமேரி கொடுத்த கேப்பைக் கஞ்சியைக் குடித்துவிட்டு நேராக மில்லுக்கு வந்திருந்தான். வெளுத்த சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. மீசை ஓரத்தில் மட்டும் கஞ்சி ஒட்டிக்கொண்டிருந்தது. கோதண்டபாணி அதைப் பார்த்தான். சொல்லவில்லை.

மில் முற்றம் முழுக்க உடைத்த மல்லாட்டையின் தோல் கொட்டிக் கிடந்தது. கணுக்கால் அளவுக்கு. அதை மிதிக்காமல் கொட்டகைக்கு வர வழியில்லை. கால் வைத்தால் நொறுங்கும். நறுக்... நறுக்... பூனை நடந்தால்கூடக் கேட்கும்.

காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. வெயில் ஏறியது. கரி வண்டிதானே, வழியில் எங்கேயாவது மக்கர் பண்ணியிருக்கும் என்றான் சவுரிராயன். பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் காருக்குப் பின்னால் பெரிய இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில்தான் ஓட்டுவார்கள். அடிக்கடி இறங்கிக் கிளறிவிடவேண்டும். வண்டி தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். சத்தம் ஒரு பக்கம், நாற்றம் ஒரு பக்கம்.

வராமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான் கோதண்டபாணி. வழியில் ஏதாவது ஆகித் தொலையட்டும் என்றுகூட... ஆமாம். அதையும் நினைத்தான்.

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. சவுரிராயன் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டான்.

மணிச் சத்தம் அடங்கியது.

கார் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது.

வந்த சத்தம் கேட்கவில்லை. புகை நாற்றமும் இல்லை. மணிச் சத்தத்தில் கவனிக்காமல் விட்டோம் என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டான். பின் கதவு திறந்தது. வேங்கடேசன் இறங்கினார். நாற்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான மனிதர். கையில் கதம்ப மாலை. அவருக்குப் பின்னால் அம்சா. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இருவரும் மல்லாட்டைத் தோல் மேல் நடந்து வந்தார்கள்.

சத்தம் இல்லை.

ஒரு நறுக்கு இல்லை.

பட்டணத்துச் செருப்பு அப்படி இருக்கும்போல என்று நினைத்தான் கோதண்டபாணி. அவன் மனசு காலில் இல்லை. வந்த இருவரில் ஒருவர்கூடத் தன்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பதில் இருந்தது.

வேங்கடேசன் சவுரிராயன் கழுத்தில் மாலையைப் போட்டார். போட்டுவிட்டு அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஊரே காறித் துப்பியபோது நீங்கள் ஒருத்தர்தான் எங்களை மனுஷராக மதித்தீர்கள் என்றார். எல்லாம் தாழ்ந்த குரல். அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது. சவுரிராயன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றான்.

“அந்த வலை மடிக்கிற இடம்... எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலைங்க,” என்றாள் அம்சா. “நானாத்தான் பண்ணினேன். ஒருத்தராவது பாத்தீங்களே.”

கோதண்டபாணிக்கு அது சுருக்கென்று தைத்தது. வேலை எதுவும் இல்லாததால் சோடா உடைத்தான். டப்... டப்... இருவரிடமும் நீட்டினான். வாங்கிக்கொண்டார்கள். கையில் வைத்திருந்தார்கள். நுரை அடங்கியது. ஒரு மிடறும் குறையவில்லை.

தகரக் கொட்டகை அடுப்பு மாதிரி தகித்தது. கோதண்டபாணியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சவுரிராயன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. அந்த இருவர் முகத்திலும் ஒரு துளி வேர்வை இல்லை.

அவனால் அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை. தன் பெயரைச் சொன்னான். விழுப்புரம் என்றான். நானும் உங்கள் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றான்.

அப்போதுதான் இருவரும் திரும்பினார்கள்.

ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பார்த்தார்கள். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. இமைக்காமல்... பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“படிச்சோம்,” என்றாள் அம்சா.

அவ்வளவுதான்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காரைப் பார்ப்பதுபோலப் பின்பக்கமாகப் போனான். கரி எரியும் உருளை மேல் தெரியாமல் கை பட்டது. வெந்துபோகும் என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சுடவில்லை. மறுபடி தொட்டான். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. மூடியில் பச்சையாக எதுவோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்தான்.

பாசி.

இதற்குள் கொட்டகையில் வேங்கடேசன் சவுரிராயன் தோளில் கை போட்டிருந்தார். அடுத்த படம் எடுத்து முடித்துவிட்டோம், போட்டுக் காட்டுகிறோம், நீங்கள் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இடம் பக்கத்தில்தான், வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். சவுரிராயன் முகத்தைப் பார்க்கவேண்டுமே... அப்படி ஒரு வெளிச்சத்தைக் கோதண்டபாணி எந்த மனிதன் முகத்திலும் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துப் பொறுக்கவும் முடியவில்லை.

காரில் ஏறப்போன சவுரிராயன் நின்றான். அவன் குணம் அது.

“இவனையும் இட்டுக்கினு போலாங்களா? என்னைப் பத்திரிகையில சேத்து உட்டதே இவன்தாங்க.”

வேங்கடேசன் கோதண்டபாணியைப் பார்த்தார்.

“அவரு இன்னும் நம்மளை நல்லா இருக்குன்னு சொல்லலியே,” என்றார், மெதுவாக.

கோதண்டபாணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. மானம் போனால் போகட்டும். இவன் மட்டும் போவதா? விறுவிறுவென்று நடந்து முன் கதவைத் திறந்தான். டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏற ஒரு காலை உள்ளே வைத்தான்.

தண்ணீர்.

கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஐஸ் மாதிரி. கறுப்பாக.

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு சொட்டு வெளியே வழியவில்லை. காருக்குள் மட்டும்... நின்றுகொண்டிருந்தது.

“எறங்குங்க,” என்றான் டிரைவர். திரும்பிப் பார்க்கவில்லை.

காலை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். தடுமாறி மல்லாட்டைத் தோல் மேல் உட்கார்ந்துவிட்டான். பின் இருக்கையில் வேங்கடேசனுக்கும் அம்சாவுக்கும் நடுவில் சவுரிராயன் உட்கார்ந்திருந்தான். மாலையோடு. அவன் கீழே பார்க்கவில்லை. அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூப்பிட்டிருக்கலாம்.

‘சவுரி, எறங்குடா.’ ஒரு வார்த்தை போதும்.

கூப்பிடவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்றுதான் கோதண்டபாணி முதலில் சொல்வான். பிறகு அவனே, இல்லை என்பான். அந்த நேரத்திலும்... கால் விறைத்துப்போன அந்த நேரத்திலும்... அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார்களே என்றுதான் இருந்ததாம்.

கதவு சாத்திய சத்தம் இல்லை.

கார் போய்விட்டது.

தெற்கே போகவேண்டிய கார், வாசலில் வடக்கே திரும்பியது. ஒலக்கூர் பக்கம்.

கோதண்டபாணி முற்றத்தைப் பார்த்தான். தோல் நொறுங்கிய தடம் தெரிந்தது. அவன் நடந்த தடம். சவுரிராயன் நடந்த தடம்.

வேறு தடம் இல்லை.

சக்கரம் ஏறிய இடமும் இல்லை.

எப்படி எழுந்து கடைத்தெருவுக்கு வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. காபி கிளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடது கால் பக்கத்து வேட்டி ஓரம் நனைந்திருந்தது. அந்த வெயிலிலும் காயவில்லை. தலை சுற்றி ஏதோ கண்டிருக்கிறேன், சவுரிராயன் பட்டணத்துக்காரர்களோடு சொகுசாகப் போய்விட்டான், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்லக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததும் பயம் குறைந்தது.

பொழுது சாய ஆரம்பித்தபோது செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. இறங்கிய கண்டக்டர் காபி சொல்லிவிட்டு, ஒலக்கூர் தாண்டி ரோட்டோரக் கிணற்றில் காலையிலேயே ஒரு கார் விழுந்துவிட்டது, சினிமாக்காரர்களாம், இன்னும் தூக்கியபாடில்லை என்றார்.

எத்தனை மணிக்கு என்று கேட்டான் கோதண்டபாணி.

காலை ஏழு இருக்கும் என்றார்.

அதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொண்டு போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பெரிய இறவைக் கிணறு, சுற்றுச்சுவர் இல்லாதது. ஊரே கூடி நின்றது. போலீஸ்காரர்கள் வடம் கட்டி, ஆறேழு ஜோடி மாடு பூட்டி இழுக்க வைத்திருந்தார்கள். கார் விழுந்ததை நேரில் பார்த்தவள் கோவிந்தம்மாள். காலையில் பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண். அவள் போட்ட கூச்சலில்தான் ஆட்கள் ஓடிவந்திருக்கிறார்கள். குதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆழத்தில் சேற்றில் புதைந்த காரின் கதவைத் திறக்க முடியவில்லை.

“மூணு பேருங்க. டிரைவரு, ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை,” என்றாள் அவள். “நான் காலையிலேர்ந்து இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன். வேற யாரும் உள்ள போவலை.”

மாடுகள் இழுத்தன. வடம் முறுகியது. கிர்ர்ர்... கிர்ர்ர்... முதலில் அந்த இரும்பு உருளை மேலே வந்தது. மூடியில் பாசி. பிறகு கார். எல்லா இடுக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தார்கள்.

முன்னால் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

பின்னால் வேங்கடேசன். அந்த ஓரம் அம்சா.

நடுவில் சவுரிராயன்.

கழுத்தில் மாலை. வெளுத்த சட்டை. மற்ற மூவர் முகத்திலும் மூச்சுக்குத் தவித்த தவிப்பு அப்படியே இருந்தது. அவன் முகத்தில் இல்லை. அந்த வெளிச்சம்... அப்படியே இருந்தது.

கோவிந்தம்மாள் மண்ணை வாரித் தூற்றிவிட்டு ஓடிப்போனாள். போலீஸ்காரர் ஒருவர் கணக்குத் தவறியிருக்கும் என்றார்.

இந்த இடத்தில்தான் கோதண்டபாணி குரலைத் தாழ்த்திக்கொள்வான். செத்துக் கிடக்கிற சினேகிதனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு பக்கமும் அவர்கள் இருவரும் அவன் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். தங்கள் மனிதர் மேல் சாய்வதுபோல. அதைப் பார்த்ததும் முதுகில் அந்த இடம் காந்தியதாம்.

உடல்களை அறுத்துப் பார்த்த டாக்டர் நாலு பேருக்கும் ஒரே மாதிரிதான் எழுதினார். நாலு பேரும் அன்று காலையிலேயே மூச்சு முட்டிச் செத்தவர்கள். ஒருவருக்கு முன்னே பின்னே என்று சொல்ல எதுவும் இல்லை. இருதயமேரி டாக்டர் முன்னால் போய் நின்று ஒப்புக்கொள்ள மறுத்தாள். கோதண்டபாணி பக்கத்தில்தான் நின்றான்.

“ஏழு மணிக்கு அவரு கோயில்ல சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கிக்கினு இருந்தாருண்ணா,” என்றாள் அவனிடம். “நான் பக்கத்துல இருந்தேன். சாமியாரைக் கேளுங்க. ஊட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சாரு. அப்புறந்தான் மில்லுக்குப் போனாரு. செத்தவரு எப்பிடிண்ணா கஞ்சி குடிப்பாரு?”

சாமியாரும் அதையேதான் சொன்னார். அன்று பூசைக்கு வந்திருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். கோதண்டபாணி மட்டும் தான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஜில்லா தூதனில் சவுரிராயன் படம் முதல் பக்கத்தில் வந்தது. பட்டணத்திலிருந்து சினிமாக்காரர்கள் கூட்டமாக வந்து கல்லறைக்கு மாலை போட்டார்கள். அந்தச் செய்தியையும் கோதண்டபாணிதான் எழுதவேண்டியிருந்தது.

ஐந்து வருஷம் போயிற்று. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்துவிட்டது. 1948இல் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். விழுப்புரத்தில் கோதண்டபாணி வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மாள் வந்து நின்றாள். பெயர் லட்சுமியம்மாள். அம்சாவைப் பெற்றவள். வருஷா வருஷம் அந்தக் கிணற்றுக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போவதாகவும், இந்த வருஷம் இவ்வளவு தூரம் வந்ததற்கு அவனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியதாகவும் சொன்னாள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். மோர் கொடுத்தான். அன்று நடந்ததைப் பற்றி அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். பேச்சோடு பேச்சாகத்தான் அதைச் சொன்னாள்.

“அவங்க பொறப்பட்டது திண்டிவனத்துக்கு இல்லைங்க. விழுப்புரத்துக்கு. உங்களைப் பாக்கத்தான்.”

கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

திண்டிவனம் வழியில் இருக்கிற ஊர்தானே, அங்கே இறங்கி அந்தப் புண்ணியவானுக்கு ஒரு மாலை போட்டுவிட்டு, இங்கேதான் வருவதாக இருந்தார்களாம். புகழ்கிறவர் புகழட்டும், குறை தெரிகிற கண் இவர் ஒருத்தருக்குத்தான் இருக்கிறது என்று வேங்கடேசன் சொல்லிக்கொண்டே இருப்பாராம். கோதண்டபாணி எழுதியதை அம்சா வெட்டி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாளாம்.

கோதண்டபாணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவன் மறைத்ததில்லை. என்னைத் தேடித்தான் வந்தார்கள். சவுரியை இல்லை, என்னை. இத்தனை வருஷம் முதுகில் காந்திய இடம் சட்டென்று குளிர்ந்துவிட்டதாம்.

“கார்ல ஏறும்போது வேங்கடேசன் எங்கிட்ட சொன்னாருங்க,” என்றாள் லட்சுமியம்மாள். “அந்த விழுப்புரத்துக்காரர் வாயால நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வாங்காம நாங்க திரும்ப மாட்டோம்னு.”

வெளியே உச்சி வெயில். தெருவில் ஒரு சத்தம் இல்லை.

அவள் மோர்க் குவளையைக் கீழே வைத்தாள். இதைக் கேட்கத்தான் வந்தேன், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றாள்.

“எம் பொண்ணு அந்தப் படத்துல எப்பிடிங்க பண்ணியிருந்தா? நீங்க நெஜத்தைச் சொல்றவருன்னு சொல்லுவாங்க. நல்லா பண்ணியிருந்தாளா?”

அம்சா வலையை மடித்து வைக்கிற காட்சி கோதண்டபாணிக்குக் கண்ணெதிரே வந்தது. அந்தத் தாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரு இன்னும் நம்மளை நல்லா இருக்குன்னு சொல்லலியே என்று அன்று மில் முற்றத்தில் வேங்கடேசன் சொன்னது காதில் கேட்டது. இடது கால் விரல்கள் ஜில்லிட்டன.

“இல்லீங்க,” என்றான். “நல்லா பண்ணலை.”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, வரேங்க என்று கும்பிட்டுவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். அவள் தெரு திரும்பும்வரைகூடக் கோதண்டபாணி நிற்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். பட்டப்பகலில் எதற்குத் தாழ்ப்பாள் என்று உள்ளேயிருந்து பெண்சாதி கேட்டாள்.